“ஏலக்காய்க்கு ஏதும்மா டாக்ஸு?”

குமுளிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 34. கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை. அப்பாவுக்கு 67. வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். 2000-ஐ ஒட்டி பீர்மேடு வட்டாரத்தில் தோட்டங்கள் ஒவ்வொன்றாக மூடியபோது அவர் வேலையும் போனது. சம்பள பாக்கியும் கிராஜுவிட்டியும் வருமென்று காத்திருந்து, வராமல், ஏலக்காய்த் தரகுக்கு வந்தார். வண்டன்மேடு, நெடுங்கண்டம் சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகளின் காயைப் போடி வியாபாரிகளிடம் கொண்டுசேர்ப்பார். பணம் இவர் கைக்கு வரும். கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை விவசாயிக்குக் கொடுத்துவிடுவார். இதுபோக, மூன்று சிறு தோட்டங்களுக்குக் கணக்கு எழுதிக்கொடுத்துக் கையில் பணமாக வாங்குகிறார். சொந்தமாக ஒன்றரை ஏக்கர் ஏலத்தோட்டமும் உண்டு. இன்றுவரை ஒரு முறைகூட வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ததில்லை. கூடவே கேரள அரசின் முதியோர் ஓய்வூதியமும் வாங்குகிறார்.

வீட்டுக் கடனுக்கு அப்பாவையும் சேர்த்து மகள் விண்ணப்பிக்க, வங்கி மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கைக் கேட்டிருக்கிறது. அப்பாவின் பான் எண்ணை வைத்து வருமான வரி இணையதளத்தில் பார்த்தால், போடி வியாபாரி ஒருவர் 2022-23-இல் 1,10,000 ரூபாய் கமிஷன் கொடுத்ததாகவும் அதில் 5,500 ரூபாயை வரியாகப் பிடித்ததாகவும் பதிவாகியிருக்கிறது. அப்பாவின் சேமிப்புக் கணக்கில் ஒரே ஆண்டில் 38 லட்சம் ரூபாய் வரவு. போதாததற்கு, மகளின் கணக்கு வழியாகவும் இரண்டு ஆண்டுகளில் 6,40,000 ரூபாய் வந்து போயிருக்கிறது. கேட்டால், “ஏலக்காய்க்கு ஏதும்மா டாக்ஸு? மலைக்கு மேல சம்பாதிச்சதை மலைக்குக் கீழ யாரு கேக்கப் போறா?” என்கிறார் அப்பா. கம்பத்தில் ஒருவர், ஆண்டுக்கு 3,000 ரூபாய் கொடுத்தால் நாலே நாளில் மூன்று வருடக் கணக்கையும் “போட்டுத் தருவதாக”ச் சொல்கிறாராம்.

“அப்பாவை ஜெயிலில் போடுவார்களா? 38 லட்சத்துக்கும் வரி கட்ட வேண்டுமென்றால் தோட்டத்தை விற்றாலும் போதாது. அவருக்குத் தெரியாமல் நானே தாக்கல் செய்துவிடலாமா? இல்லை, பழையதை விட்டுவிட்டு இந்த ஆண்டிலிருந்து ஒழுங்காகத் தொடங்கினால் போதுமா?” இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நான் இரண்டு முறை படித்தேன். அப்பா ஒவ்வொரு ஆண்டும் உரக்கடையில் கொடுக்கும் டைரியில், யாருடைய காய், எத்தனை கிலோ, என்ன விலை, தன் கமிஷன் எவ்வளவு, விவசாயிக்கு எப்போது பணம் கொடுத்தார் என்று தேதி போட்டு எழுதிவைத்திருக்கிறார் என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். உங்களுக்கு அது குற்றத்தின் சாட்சியாகத் தெரிகிறது. ஆடிட்டர் தொழிலில் இருக்கும் எனக்கு அதைப் பார்த்ததும் பாதி நிம்மதி வந்துவிட்டது. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு துண்டுச் சிட்டைகூட இல்லாமல் வருகிறார்கள்.

வரவு வேறு, வருமானம் வேறு

உங்களைத் தூங்கவிடாத அந்த 38 லட்சத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அது அப்பாவின் வருமானம் அல்ல. காய் விவசாயியுடையது, விலை வியாபாரி கொடுத்தது, நடுவில் நின்றவர் அப்பா. அவருக்கு வருமானம் கமிஷன் மட்டும். அதிலும் ஜீப் டீசல், சாக்கு, சுமைகூலி, போன் செலவு எல்லாம் போக மிஞ்சுவதுதான் வரிக்கு உரியது. இது என் சொந்த வியாக்கியானம் இல்லை. பிறருக்காக விற்றுக்கொடுத்துக் கமிஷன் மட்டும் எடுப்பவருக்கு, அவருடைய கமிஷனைத்தான் விற்றுமுதலாகக் கொள்ள வேண்டும் என்று நேரடி வரிகள் வாரியம் 1986-லேயே 452-ஆம் எண் சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. மண்டித் தொழிலில் கச்சா ஆடத்தி, பக்கா ஆடத்தி என்று பிரிப்பார்களே, அந்த வேறுபாடுதான். சரக்கின் லாப நட்டம் விவசாயியுடையது என்றால் கச்சா. தானே வாங்கித் தானே விற்றால் பக்கா. அப்போது முழு விற்பனையும் அவர் கணக்கில் ஏறும்.

ஆகவே அப்பாவிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எப்போதாவது விலை ஏறுமென்று நம்பிக் காயைத் தன் காசில் வாங்கி வைத்து விற்றாரா? தன் பெயரில் பில் போட்டாரா? 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதைப் பார்த்த பிறகு, இந்த வட்டாரத்தில் அந்த ஆசை வராத தரகர் குறைவு. அப்படிச் செய்திருந்தால் அந்தச் சரக்கின் லாபத்தைத் தனியாகப் பிரிக்க வேண்டும், ஜி.எஸ்.டி. கேள்வியும் கூடவே எழும். வெறும் கமிஷன்தான், அதுவும் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு வெகு கீழே என்றால், ஜி.எஸ்.டி. பதிவைப் பற்றி இப்போதைக்குத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். டைரியை நேரில் பார்ப்பவர் அதை முடிவு செய்யட்டும்.

இந்தப் பிரிப்பை நிரூபிப்பது உங்கள் பக்கத்துப் பொறுப்பு. விளக்கம் சொல்ல முடியாத வரவென்று அதிகாரி முடிவுகட்டினால், நாம் பேசும் ஆண்டுகளுக்கு அந்தத் தொகையின் மீது 60 சதவீத வரி. மேல்வரியும் செஸ்ஸும் சேர்ந்து 78 சதவீதம் ஆகிவிடும். டைரியின் மதிப்பு இப்போது புரிந்திருக்கும். புதிதாக, அழகாக எழுதிய நோட்டு ஒன்றைத் தயார் செய்ய யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். டீக்கறை படிந்த பழைய டைரிதான் நம்பகமான சாட்சி.

அப்பா நம்புவதும் சட்டம் சொல்வதும்

ஏலக்காய்க்கு வரி இல்லை என்பதில் பாதி உண்மை இருக்கிறது. தன் ஒன்றரை ஏக்கரில் விளைந்த காயை உலர்த்தி விற்ற பணம் விவசாய வருமானம். அதற்கு மத்திய வருமான வரி கிடையாது. தேயிலையைத் தானே பயிரிட்டுத் தானே தயாரித்தால் 40 சதவீதமும், ரப்பருக்கு 35 சதவீதமும் வணிக வருமானம் என்று விதியில் பிரிவினை உண்டு. ஏலக்காய்க்கு அதுகூட இல்லை. தேயிலைத் தோட்டத்தில் இருந்தவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்கும், அதனால்தான் இவ்வளவு உறுதியாகப் பேசுகிறார். ஆனால் அடுத்தவர் தோட்டத்துக் காயை விற்றுக்கொடுத்து வாங்கும் கமிஷன் விவசாயம் ஆகாது. ஏலக்காயைத் தொட்ட கை எல்லாம் விவசாயியின் கை என்றால் போடியில் ஒரு வியாபாரியும் வரி கட்ட வேண்டியதில்லை. தோட்டங்களுக்குக் கணக்கு எழுதிய சம்பளமும் அப்படியே. இன்னொன்று: விவசாய வருமானத்துக்கு வரி இல்லாவிட்டாலும், மற்ற வருமானத்துக்கு எந்த விகிதத்தில் வரி என்று பார்க்கும்போது அதையும் கூட்டித்தான் கணக்கிடுவார்கள். ஆகவே தோட்ட வரவையும் தாக்கலில் காட்ட வேண்டும்.

மலைக்கு மேலா கீழா என்பது வருமான வரிக்குப் பொருட்டே இல்லை. செக்போஸ்ட் லாரிக்கு இருக்கிறது, பான் எண்ணுக்கு இல்லை. போடி வியாபாரி பிடித்த 5,500 ரூபாய், குமுளி முகவரியில் இருக்கும் அப்பாவின் கணக்கில் ஏறியிருப்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். யாருக்குத் தெரியும் என்ற கேள்விக்கு அந்த ஒரு வரியே பதில். வங்கியில் ஓர் ஆண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகச் சேமிப்புக் கணக்கில் போட்டிருந்தால் அதுவும் துறைக்குத் தானாகப் போயிருக்கும்.

நீங்கள் நம்பும் ஒன்றையும் திருத்த வேண்டும். “இப்போது 12 லட்சம் வரை வரி இல்லையே, அதனால் பழையதையும் மன்னித்துவிடுவார்கள் அல்லவா?” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சலுகை 2025-26 நிதியாண்டிலிருந்துதான். அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு அந்தந்த ஆண்டின் விகிதம். தவிர, வரி இல்லை என்றால் தாக்கல் தேவையில்லை என்று அர்த்தமில்லை. 2025-26-க்கு 4 லட்சத்தைத் தாண்டினாலே தாக்கல் செய்தாக வேண்டும். வரி பூஜ்யமாக வரலாம், அது வேறு. 2025-26 கணக்கை அப்பா உரிய நேரத்தில் கொடுத்தால் அநேகமாக ஒரு ரூபாய்கூடக் கட்டாமல் நேர்வழிக்கு வந்துவிடுவார். அவரிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

கம்பத்து ஆசாமியின் திட்டம் எனக்குப் பழக்கமானது. சிறு வியாபாரிகள் விற்றுமுதலில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டி முடித்துக்கொள்ளலாம் என்று 44ஏடி பிரிவு சொல்கிறது. அதை அப்பாவுக்கும் போடப் பார்க்கிறார். தரகு, கமிஷன் வருமானம் உள்ளவர்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று அதே பிரிவில் எழுதியிருக்கிறது. 3,000 ரூபாய்க்கு அவர் செய்துதரப்போவது, அப்பாவின் பெயரில் ஒரு பொய் உறுதிமொழி. இதுவரை அப்பா தாக்கல் செய்யாதவர். அதன்பிறகு பொய்யாகத் தாக்கல் செய்தவர் ஆகிவிடுவார்.

எந்த ஆண்டை முதலில் எடுப்பது?

விட்டுப்போன ஆண்டுகளைத் தானாக முன்வந்து சரிசெய்ய, புதுப்பிக்கப்பட்ட தாக்கல் என்று ஒரு வழி 2022-இல் வந்தது. ஐ.டி.ஆர்.-யு என்பார்கள். முதலில் இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தது. 2025 பட்ஜெட்டில் அதை நான்கு ஆண்டாக நீட்டினார்கள். மதிப்பீட்டு ஆண்டு, அதாவது வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு, முடிந்ததிலிருந்து எண்ண வேண்டும். தாமதம் ஏற ஏற, வரியும் வட்டியும் சேர்ந்த தொகையின் மீது கூடுதல் வரி 25, 50, 60, 70 சதவீதம் என்று படியேறும். ஓர் ஆண்டுக்கு ஒரு முறைதான் அனுமதி. முழுப் பணத்தையும் கட்டிவிட்டுத்தான் தாக்கல் செய்ய முடியும், தவணை கிடையாது. துறை முந்திக்கொண்டு சோதனையோ மறுமதிப்பீடோ தொடங்கிவிட்டால் வழி குறுகிவிடும்.

எவ்வளவு ஆகும்? மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள். செலவு போக ஓர் ஆண்டில் 7,20,000 ரூபாய் வருமானம் என்று வைத்துக்கொள்வோம், தோட்ட வருமானத்தைச் சேர்க்காமல். 2021-22-க்கு மூத்த குடிமகனுக்கான பழைய விகிதப்படி வரி 56,160 ரூபாய். நாலு ஆண்டு வட்டி கிட்டத்தட்ட அதே அளவுக்கு வந்துவிடும். அவை இரண்டுக்கும் சேர்த்து 60 சதவீதம், தாமதக் கட்டணம் 5,000. 2026 மார்ச்சில் கட்டினால் மொத்தம் ஏறத்தாழ 1,82,000 ரூபாய். அதே 7,20,000 ரூபாய்க்கு 2024-25-இல் புதிய விகிதப்படி வரி 20,800 மட்டுமே. வட்டி, 25 சதவீதம், கட்டணம் எல்லாம் சேர்ந்தும் 40,000-க்குள் அடங்கும். ஒரே மனிதர், ஒரே வருமானம். தாமதத்தின் விலையும் விகித மாற்றமும் சேர்ந்து செய்யும் வேலை இது.

கையில் உள்ள பணம் எல்லா ஆண்டுக்கும் போதாது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வரிசை முக்கியம். பலரும் பழையதிலிருந்து தொடங்குவார்கள். நான் 2026 மார்ச் 31 என்ற தேதியை வைத்துப் பார்க்கிறேன். அது தாண்டியதும் 2023-24-இன் கூடுதல் வரி 25-லிருந்து ஒரே தாவலில் 50 ஆகிறது. 2022-23-க்கு 50 என்பது 60, 2021-22-க்கு 60 என்பது 70. 2024-25-க்கு மட்டும் 2027 மார்ச் வரை 25 சதவீதமே. மாத வட்டி மட்டும் ஓடும். எனவே முதலில் 2023-24, அடுத்து 2022-23 (வியாபாரி பிடித்த 5,500 ரூபாயை அதில் கழித்துக்கொள்ளலாம்), பிறகு 2021-22. 2024-25 சில மாதம் பொறுக்கும்.

2020-21-க்கான கதவும் இதே மார்ச் 31-இல் மூடுகிறது, 70 சதவீதத்தில். ஆனால் விடுபட்ட வருமானம் 50 லட்சத்துக்குக் குறைவென்றால், மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 3 ஆண்டு 3 மாதத்துக்குப் பிறகு துறையால் மறுமதிப்பீட்டு நோட்டீஸ் அனுப்ப முடியாது. 2020-21 அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. அந்த ஆண்டில் வங்கி வரவே 31 லட்சம்தான் என்கிறீர்கள். ஒரு தணிக்கையாளர் இதை உங்களிடம் மறைத்து, எல்லாவற்றையும் கட்டுங்கள் என்று சொல்வது நேர்மை ஆகாது. கட்டுவதா வேண்டாமா என்பது அப்பாவின் மனசாட்சிக்கு விட்ட விஷயம். என் அப்பாவாக இருந்தால், அந்தப் பணத்தை 2021-22-க்குப் போடச் சொல்லியிருப்பேன். அந்த ஆண்டுக்கு நோட்டீஸ் அனுப்ப 2026 ஜூன் 30 வரை துறைக்கு நேரம் இருக்கிறது.

சிறை பற்றிக் கேட்டீர்கள். தாக்கல் செய்யாததற்கும் வேண்டுமென்றே ஏய்ப்பதற்கும் சிறைத்தண்டனை சட்டத்தில் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். இந்த அளவுத் தொகையில், தானே முன்வந்து வரியும் வட்டியும் கூடுதலும் கட்டிய முதியவர் ஒருவரை அந்தப் பாதைக்கு இழுத்ததை என் அனுபவத்தில் நான் பார்த்ததில்லை. மாட்டிக்கொண்ட பிறகு நிலைமை வேறு. குறைத்துக் காட்டியதற்கு வரியில் 50 சதவீதம் தண்டம், வரவை மறைத்ததாக முடிவானால் 200 சதவீதம். “மாட்டினால் 50 சதவீதம்தானே, அது இதைவிட மலிவு” என்று கணக்குப் போடும் புத்திசாலிகளும் உண்டு. அவர்கள் 200-ஐ மறந்துவிடுகிறார்கள்.

ரொக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு தண்டம் விதிக்க இடமிருக்கிறது. பழைய டைரியில் அப்படிப் பதிவுகள் இருந்தால் தணிக்கையாளரிடம் மறைக்காமல் காட்டுங்கள். இனிமேல் வியாபாரி பணத்தை வங்கியில் போடட்டும். முடிந்தால் விவசாயிக்கு நேராகவே போகட்டும், கமிஷன் மட்டும் அப்பாவுக்கு வரட்டும். நாளை எந்த அதிகாரியும் 38 லட்சத்தைச் சுட்டிக்காட்ட மாட்டார்.

உங்கள் கணக்கு வழியே போன பணம்

அப்பாவின் வரிக்கு அவர் இருக்கும்வரை நீங்கள் பொறுப்பல்ல. அவர் காலத்துக்குப் பிறகு வாரிசாக, அவர் விட்டுச்செல்லும் சொத்தின் மதிப்பளவுக்குத்தான் பொறுப்பு வரும். ஆனால் அந்த 6,40,000 ரூபாய் உங்கள் பெயரில் வந்த வரவு. கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். வங்கி அறிக்கையையும் டைரியையும் பக்கத்தில் வைத்து, எந்த வரவு எந்த விவசாயிக்கு எந்தத் தேதியில் போனது என்று ஒரு தாளில் எழுதுங்கள். முழுவதும் வெளியே போயிருந்தால் அது உங்கள் வருமானம் இல்லை. கமிஷன் அதில் தங்கியிருந்தால் அது அப்பாவின் கணக்கில் சேர வேண்டும். இன்றிலிருந்து அப்பாவுக்கு உங்கள் ஜிபே எண்ணைக் கொடுக்க வேண்டாம். மகள் கணக்கை அப்பா கேட்கும்போது மறுப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆடிட்டர் திட்டுகிறார் என்று என் மீது பழியைப் போடுங்கள்.

ஓய்வூதியம்

இதை நீங்கள் கடிதத்தின் கடைசியில் இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கென்னவோ, அப்பாவின் பயத்துக்கு இதுதான் வேர் என்று படுகிறது. கேரளத்தின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்தைத் தாண்டக் கூடாது. மாதம் 1,600 ரூபாயாக இருந்து, 2025 நவம்பரிலிருந்து 2,000 ஆன தொகை. வருமான வரிக் கணக்கில் 7 லட்சம் காட்டிய கையோடு அக்ஷயா சேவை மையத்தில், பயனாளி உயிரோடிருப்பதை உறுதிசெய்யும் மஸ்டரிங்குக்கு விரலை வைக்க முடியாது. அவருக்கு அது தெரியும். வரியைவிட, “பென்ஷன் வாங்கி ஏமாத்துனவன்” என்று ஊரில் பெயர் வருமே என்ற பயம் பெரிதாக இருக்கலாம்.

வரித் தாக்கலுக்கு முன்பே ஊராட்சிச் செயலருக்கு ஒரு மனு எழுதி, வருமானம் கூடியதால் ஓய்வூதியத்தை நிறுத்தச் சொல்லட்டும். தகுதியில்லாத காலத்தில் வாங்கியதைத் திருப்பிக் கேட்க அரசுக்கு உரிமை உண்டு; கேட்டால் கட்ட வேண்டியதுதான். தானே எழுதிக்கொடுத்தவருக்கும் பட்டியலில் பெயர் வந்து பிடிபட்டவருக்கும் ஊராட்சி அலுவலகத்தில் கிடைக்கும் மரியாதை ஒன்றல்ல. வீட்டில் பிங்க் ரேஷன் கார்டு (முன்னுரிமைக் குடும்ப அட்டை) இருந்தால் அதையும் பாருங்கள். மாத வருமானம் 25,000-ஐத் தாண்டிய குடும்பத்துக்கு அது உரியதல்ல.

வீட்டுக் கடன்

ஒரே மாதத்தில் வரிசையாகத் தாக்கல் செய்த மூன்று பழைய ஆண்டுக் கணக்குகளை வங்கி மேலாளர் எப்படிப் பார்ப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அப்பாவின் வருமானத்தை விட்டுவிட்டு உங்கள் சம்பளத்துக்குக் கிடைக்கும் தொகையைக் கேளுங்கள். போதாது என்றால் இரண்டு ஆண்டு தள்ளிப்போடுங்கள். கடனுக்காக அவசர அவசரமாகத் தயாரிக்கும் கணக்கில்தான் தப்பு நுழையும்.

அப்பாவிடம் எப்படிப் பேசுவது

அவருக்குத் தெரியாமல் தாக்கல் செய்வது கூடவே கூடாது. தாக்கலில் உறுதிமொழி கொடுப்பவர் அவர். அவர் போனுக்கு வரும் ஓ.டி.பி.யை வாங்கி நீங்கள் போட்டால், அவர் படிக்காத உறுதிமொழிக்கு அவர் பொறுப்பாளி. பிறகு ஏதேனும் விசாரணை வந்தால், “எனக்கு ஒண்ணும் தெரியாது, பொண்ணுதான் பண்ணுச்சு” என்று அவர் சொல்வார். அது உண்மையாகவும் இருக்கும்.

நீங்கள் இதுவரை பேசியதை எழுதியிருக்கிறீர்கள். “நீங்க பண்ணது தப்புப்பா” என்று தொடங்கினீர்கள், “எனக்குச் சேர வேண்டிய கிராஜுவிட்டிய எந்த அரசாங்கம் வாங்கிக் குடுத்துச்சு?” என்று அவர் எழுந்து போய்விட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. தோட்டம் மூடிய ஆண்டுகளில் தோட்டக் குடியிருப்பான லயத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர்கள் பட்டது கொஞ்சமா? அதற்கு உங்களிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. பதில் சொல்ல முயலாதீர்கள். அந்தக் கோபம் நியாயம் என்று ஒப்புக்கொள்ளுங்கள், உண்மையாகவே ஒப்புக்கொள்ளுங்கள். அதையும் இதையும் முடிச்சுப் போடுவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

அவர் வாழ்நாள் முழுக்கக் கணக்கப்பிள்ளை. வருகைப் பதிவேடான செக்ரோலில் ஒரு ஆள்பேர் தவறினாலும் தோட்டத் துரைக்குப் பதில் சொல்லியிருப்பார். அப்படிப்பட்டவரிடம் வாக்குமூலம் கேட்காதீர்கள், கணக்குக் கேளுங்கள். “அப்பா, இந்த 38 லட்சத்துல உங்க கமிஷன் எவ்வளவுன்னு எனக்குப் பிரிக்கத் தெரியல, சொல்லிக்குடுங்க” என்று டைரியோடு உட்காருங்கள். தொகையைக் கண்டு அவரும் பயந்துபோய்த்தான் இருப்பார். 38 லட்சத்திலிருந்து மற்றவர் பணம் எல்லாம் கழிந்து, தன்னுடையது என்று ஒரு சிறிய எண் கடைசியில் நிற்கும்போது, அவர் கையாலேயே அதை எழுதும்போது, பேச்சு தானாக மாறும். மாறாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். அவர் கையெழுத்து அவருடையது. உங்கள் கணக்கைச் சுத்தம் செய்வதும், கடனில் அவர் வருமானத்தைச் சேர்க்காமல் இருப்பதும் உங்கள் கையில் இருக்கின்றன. அவற்றை அவர் சம்மதத்துக்குக் காத்திருக்காமல் செய்துவிடுங்கள்.

சம்மதித்தால், தேனியிலோ கட்டப்பனையிலோ ஒரு பட்டயக் கணக்காளரிடம் அவரையே அழைத்துப் போங்கள். ஏலக்காய் வியாபாரம் தெரிந்தவராக இருந்தால் நல்லது. கச்சா, பக்கா என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பேச வேண்டியவர் அப்பா, நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். எடுத்துப்போக வேண்டியவை: ஆறு ஆண்டு டைரிகள், அப்பாவின் வங்கி அறிக்கை, உங்கள் கணக்கிலிருந்து பிரித்தெழுதிய தாள், இணையதளத்திலிருந்து இறக்கிய ஆண்டுத் தகவல் அறிக்கை, தோட்டத்தின் நிலவரி ரசீது. மார்ச் மூன்றாவது வாரத்தில் எந்த ஆடிட்டரும் போனை எடுக்க மாட்டார், நானும் எடுக்க மாட்டேன். அதனால் இந்த மாதமே போங்கள், 2023-24 டைரியை மேலே வைத்து.